அது அச்சுப்பிழை அல்ல

நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. அந்த ஏசி போடுகிற சத்தத்தில் என் குரல் உங்கள் காதுவரை வந்து சேராது. எழுதுகிற பெண்ணும் கிட்ட வரட்டும். பாவம், காலையிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள், கழுத்து பிடித்துக்கொள்ளப் போகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் முழுக்கதையையும் சொல்கிறேன். பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். உங்கள் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் 'அச்சுப்பிழை' என்று ஒரு சொல் இருக்கிறது. நான் சொல்லி முடித்ததும் அதை அடித்துவிட வேண்டும்.

விமானம் பறக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் விமானிகள் எடுத்துப் படிக்கிற அட்டை இருக்கிறதல்லவா, சிவப்பு ஓரம் போட்டது, அதை எழுதுகிறவள் நான். எழுதி, சிமுலேட்டரில் விமானிகளை உட்காரவைத்துச் சோதித்து, பிறகு அச்சடித்து, ஒவ்வொரு விமானத்திலும் கொண்டுபோய் வைப்பதுவரை என் பொறுப்பு. டைப் அடிக்க வந்தவள்தான். படிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அடித்து அடித்து, அடித்ததைப் படித்துப் படித்து, என்ன ஏது என்று கேட்டுக் கேட்டு, முப்பத்தொரு வருடத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். 'அட்டை அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பயிற்சிப் பிரிவின் தலைவர், அவரை நாங்கள் பெரிய கேப்டன் என்போம், நான் அறைக்குள் நுழைந்தாலே, "அட்டை வந்தாச்சு, ஒட்டினா விடாது, எல்லாரும் காலைத் தூக்கி வெச்சுக்கங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பொறுமை அதிகம் என்பதை அவர் யோசித்ததில்லை.

அந்த முப்பத்தொரு வருடத்தில் என் அட்டையில் ஓர் எழுத்துப்பிழை வந்ததில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பதிவுக்குச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளம்மா.

சிமுலேட்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய கூடத்தில் ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் அச்சு அசல் விமானி அறைதான். கதவைச் சாத்தி, நடைபாலத்தைத் தூக்கிவிட்டால் பெட்டி ஆடும், குலுங்கும், கண்ணாடிக்கு வெளியே மேகம் ஓடும். விமானிகள் முன்னால். நான் பின்னால் ஒரு சின்ன இருக்கையில், மடியில் தாள், கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு பொத்தானை அழுத்தினால் இடது என்ஜின் நடுங்கும். தரையில் மோதினால் திரை சிவந்து எல்லாம் அப்படியே நின்றுவிடும். செத்துப்போன இரண்டு பேரும் பெல்ட்டைக் கழற்றி, "காபி குடிச்சிட்டு வந்துடறோம் அக்கா" என்று எழுந்து போவார்கள்.

அட்டையைப் படிக்கிற முறை இதுதான். ஒருவர் வரியைப் படிக்க வேண்டும். மற்றவர் சுவிட்சில் கை வைத்து, அந்த என்ஜினின் அளவுமானி முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து, அதன் பிறகு 'சரி' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை அசையலாம். இந்தச் 'சரி'தான் வினை. பார்த்துச் சொல்ல வேண்டிய சொல், பழகிப்பழகி மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கணவன்மார் சொல்கிற சரி இருக்கிறதே, அதே சரி. கண் ஒரு பக்கம் இருக்கும், வாய் சரி சொல்லும், கை சுவிட்சை மூடும்.

எத்தனை பேர் இப்படி என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்தேன். இடது என்ஜின் நடுங்கினால் எடுக்கிற அட்டையில் மூன்றாவது வரி, 'இடது எரிபொருள் சுவிட்ச்: மூடு'. சோதனை அட்டையில் அந்த இடத்தில் 'வலது' என்று போட்டேன். இடது என்ஜின் உதறிக்கொண்டிருக்கிறது, வலது நன்றாக ஓடுகிறது, அட்டையோ வலதை மூடு என்கிறது. முள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும், இது என்ன கூத்து என்று கேட்டுவிடலாம். இருபது ஜோடிகளை உட்காரவைத்தேன். ஆறு ஜோடி கேட்டார்கள். பதினான்கு ஜோடி சரி என்று சொல்லி, நல்ல என்ஜினை மூடிவிட்டு, பெட்டியைத் தரைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு காபி.

ஒன்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். இனிமேல் 'சரி' என்ற சொல்லே வேண்டாம், முள் காட்டுகிற எண்ணை வாய்விட்டுச் சொல்லட்டும், பார்க்காமல் எண்ணைச் சொல்ல முடியாது என்று எழுதினேன். அதற்கு ஆறு விநாடி கூடுதலாக ஆகும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஆறு விநாடி.

கூட்டத்தில் பெரிய கேப்டன் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"அக்கா, அது பொம்மைப் பெட்டி. உசுரு போகாதுன்னு அவனவனுக்குத் தெரியும். அதான் அலட்சியம். நெஜத்துல கண்ணு தானா தெறக்கும்."

"தெறக்காட்டி?"

"உங்ககிட்ட நெஜத்துல எடுத்த கணக்கு இருக்கா? இல்லையில்ல? வந்தா பாக்கலாம்."

இதை நன்றாகக் கவனியுங்கள், தம்பி. வந்தால் பார்க்கலாம் என்றார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் அப்படிக் கேட்பது தப்பு என்று சொல்லவில்லை. அவர் கேட்டதைத்தான் நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

அச்சகக்காரரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அவரைப் பதினோரு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். சோதனை அட்டையையும் நிஜ அட்டையையும் கட்டு மாற்றி அனுப்பிவிட்டார் என்று பதினேழாம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த மனுஷர் சோதனை அட்டையை அச்சடிப்பதற்கு முன்பே எனக்குப் போன் போட்டார். "அக்கா, இது இடது அட்டை, மூணாவது வரில வலதுன்னு இருக்கே, கை தவறிடுச்சா?" என்று கேட்டார். சோதனைக்கு, அப்படியே போடுங்கள் என்றேன். விமானத்தைக் கிட்டப் போய்ப் பார்க்காத மனுஷர் அவர். என் அட்டையை வரிவரியாகப் படித்தவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, படிக்காதவர்களுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். கட்டு ஒன்றும் மாறவில்லை. அவர் அனுப்பியது சரியாகவே வந்தது. அதில் சோதனை அட்டை ஒன்றை எடுத்து, வால் எண் எட்டில் முடிகிற விமானத்தில், பழைய அட்டை இருந்த இடத்தில் நான் வைத்தேன். தேய்ந்த அட்டையை மாற்றுவது என் வேலை, அதனால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், அச்சுத்தொழில் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இடது, வலது இரண்டும் மூன்றெழுத்துச் சொல். கடைசி எழுத்து மட்டும் ஒன்று. பிழை என்றால் ஓர் எழுத்து போகும், ஒரு கால் உடையும், ஒரு கொம்பு விழும். இரண்டு எழுத்தும் ஒன்றாகக் கிளம்பிப் போய், அந்த இடத்தில் பொருளுள்ள இன்னொரு சொல் வந்து நிற்காது. அதை ஒருத்தி உட்கார்ந்து எழுதினால்தான் வரும்.

ஏழு மாதம் அந்த அட்டை அங்கே இருந்தது. ஒவ்வொரு தடவையும் புறப்படுவதற்கு முன்னால் அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தார்கள். இருக்கிறதா என்று பார்த்தார்கள். என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரே ஒருவர் படித்திருந்தால் என் மேசைக்குப் போன் வந்திருக்கும், வந்த அன்றே அட்டையை எடுத்திருப்பேன், என் ஒன்பது பக்கத்தையும் நானே கிழித்துப் போட்டிருப்பேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போதுகூடப் பக்கத்து மேசைப் பெண்ணிடம், போன் அடித்தால் எடும்மா என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். அப்படிக் காத்திருந்தவளைத்தான், அட்டை எழுதியவள் என்பதற்காகவே, கொலைகாரி என்று நேற்று வாசலில் யாரோ கத்தினார்கள்.

என் தங்கை மகள் அந்த விமானத்தில் துணை விமானியாகப் போவாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். யார் எந்த விமானத்தில் என்கிற பட்டியல் வாராவாரம் என் மேசைக்கு வரும். ஏழு மாதத்தில் அவள் எட்டாம் எண்ணில் பத்தொன்பது தடவை போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் நாற்காலியில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, என் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பெரியம்மா தட்டுச் சோறுதான் அவளுக்கு இறங்கும்.

"பெரியம்மா, எட்டாம் நம்பர்ல புது அட்டை வெச்சிருக்க போல. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. பொட்டு வெச்சுக்கலாம்."

"படிச்சியா?"

"நீ எழுதினதை எதுக்குத் திரும்பப் படிக்கிறது? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அட்டையைக் கையில எடுத்துப் படிக்கணும்டி. அதுக்குத்தான் வெச்சிருக்கு."

"ஐயோ ஆரம்பிச்சாச்சு. அம்மா, உங்கக்காவைக் கூப்பிடு."

"சோத்து முன்னாடியாவது ரெண்டு பேரும் பிளேனைக் கீழ எறக்குங்க" என்றாள் தங்கை, கரண்டியோடு.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. படி என்று சொன்னேனே, தம்பி. அதற்குமேல் சொன்னால் பரீட்சைக்கு முன்னால் வினாத்தாளைக் கொடுத்த மாதிரி. மற்றவர் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் எழுப்பி வெளியே அனுப்பினால் அதற்குப் பெயர் சோதனையா? ஓரவஞ்சனை எனக்கு வராது. யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புறப்பட்ட நான்காவது நிமிடம் இடது என்ஜினில் ஒரு விசிறித் தகடு முறிந்தது. அந்தத் தகட்டை நான் முறிக்கவில்லை, அது உங்கள் ஆட்களே ஒப்புக்கொண்ட விஷயம். அட்டையை எடுத்தார்கள். மூன்றாவது வரியில் நல்ல என்ஜினை மூடினார்கள். கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த திடலில் விழுந்தது. அறுபத்திரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எண்ணிக்கையில் தவறில்லை.

இன்று காலை விமானி அறையில் பதிவான பேச்சை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அழுதுவிடுவேன் என்று எதிர்பார்த்துத்தான் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தீர்கள், தெரிகிறது. நல்ல மனசு உங்களுக்கு. அதில் இருப்பதை நானே சொல்கிறேன், நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விமானத்தின் கேப்டன் மூன்றாவது வரியைப் படிக்கிறார். என் தங்கை மகள், "சார், உதர்றது இடது. வலது முள்ளு நல்லாத்தான் நிக்குது" என்கிறாள்.

"அட்டைல வலதுன்னு போட்டிருக்கேம்மா."

பிறகு பேச்சில்லை. மூன்று விநாடி மௌனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், திருத்திக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவள், "பெரியம்மா அட்டைல தப்பு வராது சார்" என்கிறாள். அப்புறம், "சரி."

நீங்கள் ஒலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள், "அவங்க பாத்தாங்கம்மா. முள்ளைப் பாத்துட்டாங்க. உங்களை நம்பித்தான் மூடினாங்க." நீங்கள் சின்னவர், உங்களுக்கு அப்படித் தோன்றும். என் சோதனைத் தாளில் இரண்டே கட்டம்தான். கேட்டார்கள், சரி சொன்னார்கள். நம்பினார்கள் என்று ஒரு கட்டம் நான் போடவில்லை, அதற்கு இடமும் இல்லை. அவள் சரி சொன்னாள். நிஜத்தில் எடுத்த கணக்கு இருக்கிறதா என்று கேட்டார் அல்லவா, இருக்கிறது. இருபத்தொன்றில் பதினைந்து.

அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். போன மாதத்திலிருந்து எல்லா விமானத்திலும் 'சரி' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். முள் காட்டுகிற எண்ணைத்தான் சொல்ல வேண்டும். என் ஆறு விநாடி. பெரிய கேப்டன் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார், ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டு. எண்ணினால் அறுபத்திரண்டு பெரிதாகத் தெரியும். இனி விழாமல் இருக்கப் போகிறவர்களை எண்ண யாரும் தாளை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

வருத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் எழுதிக்கொள்ளம்மா. பிழை செய்தவர்கள் வருந்த வேண்டும். என் அட்டையில் பிழை இல்லை. அந்தச் சொல்லை நான் யோசித்து, எழுதி, மூன்று தடவை சரிபார்த்து, என் கையால் கொண்டுபோய் வைத்தேன். அச்சகக்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள், பதினேழாம் பக்கத்தை அடியுங்கள், என் ஒன்பது பக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். தங்கையிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் அட்டையைத்தான் எம்பொண்ணு கடைசியா கையில வெச்சிருந்திருக்கா, ஒனக்கும் எவ்வளவு வலிக்கும்" என்று அழுகிறாள். அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல எனக்கு வராது. நான் எழுதிப் பழகியவள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். பேனா நன்றாக எழுதுகிறது.

நேரமாகிவிட்டது, உங்களையும் வீட்டில் தேடுவார்கள், போய்ச் சாப்பிடுங்கள். நீங்களும் இந்தப் பெண்ணும் குறையொன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல், சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாளே, அவளைப் போல, பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் கேட்கிற பிள்ளைகளாகவே உங்களுக்கு வாய்க்கட்டும்.