கண் அனுப்பிய சேதி

"ஹலோ... ஆமாம்மா, நான்தான். கண்ணு ஆராய்ச்சி பண்றவ. இப்பத்தானே பேசினோம்... என்னாச்சு?... அழாதீங்கம்மா. நீங்க சொல்றது ஒண்ணுமே விளங்கல... ம்... ம்... ஐயோ, அப்படி இல்லம்மா."

விபத்தில் மூளை செயலிழந்த மகனை அன்று விடியற்காலையில் பறிகொடுத்தவள் அந்தத் தாய். அவன் கண்களை ஆராய்ச்சிக்குக் கொடுத்தபோது அவள் கேட்டது, பயன்பட்டதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பது மட்டும்தான். இங்கே ஆய்வகத்தில் விழித்திரையைப் பிரித்துத் தட்டில் வைத்து வெளிச்சம் காட்டியதும், அதன் செல்கள் துடிப்புத் துடிப்பாகச் சேதி அனுப்பத் தொடங்கிவிட்டன. இவள் வருஷக்கணக்காகக் காத்திருந்த காட்சி. தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு போனை எடுத்து, உங்கள் மகனின் கண் இன்னும் வெளிச்சத்தை உணர்கிறது என்று சொல்லிவிட்டாள். பெற்றவளிடம் போய்ச் சொல்கிற சேதியா அது? படித்த புத்தி அவ்வளவுதான்.

"இல்லம்மா. இல்ல, இல்ல. நீங்க அவசரப்படல... கேளுங்க, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க... ஆமா, கண்ணு வேலை செய்யுது. அது நிஜந்தான். ஆனா தம்பி உயிரோட இல்லம்மா... மூளை போனதுக்கு அப்புறந்தான் மூச்சு மெஷினையே எடுத்தாங்க... ஆமா, நீங்கதான் தலையாட்டினீங்க. தெரியும்... உங்களால போகலம்மா."

"டார்ச்சா?... ஓ, அப்ப நீங்க பக்கத்துலயே இருந்தீங்களா... ஆமா. டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, கண்ணுப் பாப்பா சுருங்கல... அங்க வேலை செய்யாத கண்ணு இங்க எப்படி... ம்."

இந்தக் கேள்வியை அவளுடைய மாணவர்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. சுற்றி வளைத்து எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"சொன்னாத் தாங்குவீங்களாம்மா?... சரி. வெளிச்சத்த வாங்கறதுதான் கண்ணோட வேலை. வாங்கி மூளைக்குச் சேதி அனுப்பும், அவ்வளவுதான். பாக்கறது மூளை. பாப்பாவைச் சுருங்கச் சொல்றதும் அதுதான்... ஆமா... ஆமாம்மா. டார்ச் அடிச்சப்பவும் தம்பி கண்ணு அனுப்பித்தான் இருக்கும். உள்ள வாங்கிக்க யாரும் இல்ல."



"அம்மா... லைன்ல இருக்கீங்களா... ம்... இல்லம்மா, உங்களப் பாத்திருக்க முடியாது... நீங்க கிட்டப் போய்க் குனிஞ்சு நின்னப்பவும்... முடியாதும்மா... பாத்தான்னு ஒரு பொய் சொல்லிடலாம். எனக்கு என்ன போச்சு? நாளைக்கு நீங்க அதையே பிடிச்சுக்கிட்டு, பாத்துக்கிட்டு இருந்த புள்ளைய நானே கொன்னுட்டேன்னு கிடந்து வேகுவீங்க. வேண்டாம்மா... ஆமா. போயிட்டாரும்மா. நீங்க தலையாட்டறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

அந்தத் தாயைப் பழியிலிருந்து மீட்க வேண்டுமானால், அரை மணி நேரம் முன்பு தானே திருப்பிக் கொடுத்த மகனைத் தானே பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தப் படிப்பும் இதற்குக் கைகொடுக்கவில்லை.

"இப்பவா?... இப்பவும் அனுப்பிட்டுத்தான் இருக்கு. ரொம்ப லேசா... வராதீங்கம்மா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள அடங்கிடும்... தனியா இல்ல, நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்... அதுவா, சின்ன லைட்டும்மா. தட்டுக்கு அடியில விட்டு விட்டு எரியும்... அடங்கற வரைக்கும் காட்டிட்டே இருப்போம். எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாக்கணுமில்ல, அதுக்குத்தான்... வலிக்காதும்மா. சத்தியமா வலிக்காது."

"என்னம்மா?... மெதுவாச் சொல்லுங்க... ம்... சின்னப் புள்ளையிலேர்ந்தேவா... லைட் எரிஞ்சா தம்பிக்குத் தூக்கம் வராதா..."

அங்கே தூங்குவதற்கு யாரும் இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். திரையில் அந்தச் சேதியைக் காட்டும் கோடு இன்னமும் துள்ளிக்கொண்டிருந்தது. அது எப்போது ஓய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இப்படி ஒரு கண் இனி என்றைக்குக் கிடைக்குமோ.

"சரிம்மா... அணைச்சிடறேன்... இல்ல, வச்சிடாதீங்க, இருங்க... அணைச்சிட்டேன்... ஆமா, நல்லா இருட்டாத்தான் இருக்கு... ம்... ம்... யாரும் போட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்... ஆமாம்மா. தூங்கட்டும்."

மறுமுனையில் அந்தத் தாய் போனை வைத்துவிட்டாள்.