கோடு விழாத வில்லை

அந்தப் படம் எடுத்தப்ப காலைல மணி ஏழு இருபதுங்க ஐயா. முழங்கால் வரைக்கும் பனி, ஆனா காத்து இல்ல. எழுதிக்கிட்டீங்களா? நிதானமாவே எழுதுங்க.

காது பக்கமா? ஒண்ணுமில்ல. கண்ணாடியத் தொட்டுக்கிட்டே இருக்கறது என் பழக்கம்.

படம் பொய்யின்னு நீங்க சொல்றது புரியுது. அதுல இருக்குறது, மின்சாரத்த மாத்தினா தூரமும் கிட்டமும் காட்டுற திரவப் படிக வில்லை, லென்ஸுங்க. உங்க விசாரணைக் குழு செஞ்சு பாத்தப்ப நடுவுல தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்துச்சு. எங்க படத்துல கோடே இல்ல. அதனால உதவியாளரா இருக்குற நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன், அப்படித்தானே?

சரி, அவங்க எப்படிக் குடுத்தாங்க? பூஜ்யத்துலேருந்து கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி நாலு வோல்ட்டுல நிறுத்தினாங்களா? அப்ப விழத்தான் செய்யும். உள்ள இருக்குற மூலக்கூறுங்க பாதி இந்தப் பக்கம் சாயும், பாதி அந்தப் பக்கம் சாயும். ரெண்டும் முட்டிக்கிற இடம்தான் அந்தக் கோடு. நான் எடுத்த எடுப்புலயே முப்பது குடுப்பேன். எல்லாம் விறைச்சு நிக்கும். அப்புறம் நாலுக்கு இறக்குவேன். ஒரே மாதிரி சாயும்.

கட்டுரையில ஏன் இல்லையா? நான் எழுதித்தான் குடுத்தேன். சமையல் குறிப்பையெல்லாம் போட முடியுமா ஹதகேயாமா அம்மான்னு ஓனோதெரா பேராசிரியர் அன்னைக்குச் சாயங்காலமே சிரிச்சுக்கிட்டே அந்த வரிகள நீக்கிட்டார். பத்தொம்பது வருசமா அவரோட ஆய்வுக்கூடத்துல சமைக்கிறேன். ருசி மட்டும் அவர் பேர்ல.

குரல உயர்த்தாதீங்க, நான் உயர்த்தல பாருங்க. குனிஞ்சு வணங்கணுமா, வணங்குறேன். வீடு தேடி வந்திருக்கீங்க. செய்யாத தப்புக்குக் கையெழுத்தா என் முத்திரையக் குத்த மாட்டேன்.

மறுநாள் காலைலயா? பேராசிரியர் கட்டுரைய அனுப்பிட்டு வெந்நீர் ஊத்துல குளிக்கப் போனார். நான் மிச்சம்னு ஒதுக்கிப் போட்டிருந்த ரெண்டு வில்லைய அவர் கிளம்புறப்பவே கேட்டு வாங்கிக்கிட்டு, ஸ்டேஷன் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். வயசு அம்பதாச்சு, கிட்டத்துல எழுத்து தெரியல. சட்டத்துல பொருத்தி, காதோரமா ஒரு பட்டனும் பேட்டரியும் வச்சேன்.

ஆமா, இதுதான். இவ்வளவு நேரமும் உங்க முகத்தையும் மேசையில நீங்க கொண்டுவந்து வச்ச அந்தத் தாளையும் இதாலதான், கோடே விழாம, மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருக்கேன். நாலாவது வரியில, ஹதகேயாமா குற்றத்தை ஒப்புக்கொண்டார்னு அடிச்சிருக்கு.

தேதி நேத்தையது.