ஸ்வெட்டர் பட்டன் அளவு காசு

தங்கக்காசு வாங்கப் போறவங்க முக்கால்வாசிப் பேர் அட்டையைப் பாத்துத்தான் ஏமாறாங்க, மேடம். அட்டை உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவுல காசு பொட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். "பரவால்லையே, பெருசா இருக்கே"ன்னு வாங்கிட்டு வந்து வீட்டுல பிரிச்சா மூஞ்சி தொங்கிடும். போன்ல படம் பாத்து வாங்கறவங்க பாடு இன்னும் மோசம். படத்துல தட்டு மாதிரி தெரியும். கைக்கு வந்தா மூக்குத்தித் திருகு மாதிரி இருக்கும்.

நான் ஏமாந்ததே இல்ல. எனக்குத் தையல் சாமான் கடை. ஊசி, நூல், ஜிப்பு, லேஸ், பட்டன். காலமெல்லாம் பட்டன் வித்தவளுக்கு வட்டத்தோட அளவு கண்ணுலயே நிக்கும். இருந்தாலும் நகைக்கடைக்குப் போகும்போது பர்ஸ்ல காலர் பட்டன் ஒண்ணு, ஸ்வெட்டர் பட்டன் ஒண்ணு போட்டுக்குவேன். கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு காசை எடுத்து வச்சதும் பட்டனைப் பக்கத்துல வச்சுப் பாப்பேன்.

"ஏம்மா, காசை ஜாக்கெட்ல வச்சுத் தைக்கப் போறீங்களா?"ம்பா அவ.

"ஆமாம்மா, ரெண்டு ஓட்டை மட்டும் போட்டுக் குடுத்துடு"ம்பேன்.

ஒரு கிராம் காசுன்னா எல்லாம் ஒரே அளவுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அப்படி இல்ல. எடை ஒண்ணுதான். ஆனா தட்டி மெலிசாக்கினா அகலம் கூடிடும். ஒரு கடையில காலர் பட்டன் அளவுல கொஞ்சம் தடியா இருக்கும். இன்னொரு கடையில அதே ஒரு கிராம் ஸ்வெட்டர் பட்டன் அளவு இருக்கும், ஊதினா பறந்துடற மாதிரி. நான் எப்பவும் அந்த மெலிசுதான் வாங்குவேன். ஏன்னு சொல்றேன். நீங்க கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. அவசரப்படாதீங்க.

எங்க வீட்டுல ஒரு பழக்கம். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகளுங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தங்கக்காசு அவங்க கையில வைக்கணும். அவங்களுக்கு ஒரு கண்ணு சின்ன வயசுலயே போயிடுச்சு. இன்னொண்ணுல புரை. அதனால ரெண்டு காசையும் உள்ளங்கையில வச்சு, கட்டைவிரலால சுத்தித் தடவிப் பாத்துட்டு, எது பெருசுன்னு சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல இருக்கற எவர்சில்வர் தட்டுல போடுவாங்க. அங்கேருந்து எடுத்துப் பேத்தி கல்யாணத்துக்குன்னு பெட்டியில வைப்போம். பேத்தின்னா என் ஓரகத்தியோட பொண்ணு. எனக்குப் பிள்ளை இல்ல. யார் காசு பெருசோ, அந்த வருஷம் பீரோ சாவி அவ இடுப்புல இருக்கும். விளையாட்டாத்தான் ஆரம்பிச்சாங்க. சாவி விளையாட்டு சாமான் இல்லையே, மேடம்.

என் ஓரகத்தியை நாங்க சின்னவன்னுதான் சொல்லுவோம். பேங்க்ல வேலை. அவ வந்த நாள்லேருந்து அந்த வீட்டுல என் பேச்சு ரேடியோ மாதிரி ஆயிடுச்சு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அவ டீயில சர்க்கரை போட மறந்தா, "உடம்புக்கு நல்லதுதானே"ம்பாங்க அத்தை. நான் மறந்தா, "பெரியவளுக்கு நினைப்பெல்லாம் எங்க இருக்கு?" அவளைக் கூப்பிடறது "கண்ணு". என்னைக் கூப்பிடறது "பெரியவளே". அவ காய்ச்சல்ல படுத்தப்ப அத்தை தட்டுத் தடுமாறிப் போய் அவ தலைமாட்டுல உக்காந்தாங்க. நான் படுத்தப்ப வாசப்படியில நின்னு, "மாத்திரை போட்டியா?"ன்னாங்க. நான் இதையெல்லாம் மனசுல வச்சுக்கறவ இல்ல. நீங்க கேக்கறதால சொல்றேன்.

எனக்குன்னு அந்த வீட்டுல இருந்தது அந்தச் சாவி ஒண்ணுதான். சின்னவ வாங்கறது ரெண்டு கிராம். தடிக்காசு, காலர் பட்டனை விட ஒரு நூல் பெருசா இருக்கும். நான் வாங்கறது ஒரு கிராம், ஸ்வெட்டர் பட்டன். அவ்வளவு சின்னதுல எடை கைக்குத் தெரியாது, மேடம். விரலுக்கு அகலம்தான் தெரியும். அட்டையில எடை போட்டிருக்கும்கறதால பிரிச்சுட்டுக் காசை மட்டும் வைப்பேன்.

"பெரியவளோடதுதான் பெருசு"ம்பாங்க அத்தை. "எங்கடி வாங்கற இவ்வளவு பெருசா? கடை அவ்வளவு நல்லாவா ஓடுது?"

"உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன் அத்தை"ம்பேன்.

வருஷா வருஷம் சாவி எனக்குத்தான் வந்துச்சு.

ஒரு தடவை தட்டுலேருந்து காசை எடுத்த சின்னவ அதை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. காசு மேலயும் பொடி எழுத்துல எடை போட்டிருப்பாங்க. படிச்சா. என்னை ஒரு பார்வை பாத்தா. பெட்டியில வச்சு மூடிட்டா. அப்புறம் சமையல்கட்டுக்கு வந்து, "காசு ரொம்ப அழகா இருக்குக்கா"ன்னா. சிரிச்சா. அவ்வளவுதான்.

சொல்லிக் காட்டியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். அவ சொல்லல. அடுத்த வருஷமும் அதே ரெண்டு கிராம் வாங்கிட்டு வந்து, தெரிஞ்சே தோத்தா. அகலமா ஒண்ணு வாங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்னிலேருந்து என் இடுப்புல இருந்த சாவி அவ போட்ட பிச்சை மாதிரி உறுத்திச்சு. அது எவ்வளவு பெரிய திமிர்னு நீங்களும் ஒரு பொம்பளையா யோசிச்சுப் பாருங்க.

கண் ஆபரேஷனும் அவ ஏற்பாடுதான். புரையை எடுத்துட்டா நல்லாத் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டார். அத்தைக்குத் தலைகால் புரியல. "பார்வை வந்ததும் மொத வேலை அந்தப் பெட்டியைக் கவுத்து ஒவ்வொரு காசா பாக்கப் போறேன். தடவியே காலம் போயிடுச்சு"ன்னாங்க. அப்போ சின்னவ என் பக்கம் திரும்பல. வேணும்னேதான் திரும்பல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. கட்டுப் பிரிச்சதும் அத்தை மொதல்ல பாத்தது சின்னவளைத்தான். அவ கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, "இப்படி இளைச்சுட்டியே கண்ணு"ன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. "நீ அப்படியேதான் இருக்கே"ன்னாங்க. அது பாராட்டா குத்தலான்னு வீடு வந்து சேர்ற வரைக்கும் யோசிச்சேன். இன்னும் முடிவு தெரியல.

மருந்து முடியற வரைக்கும் எதையும் உத்துப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால பெட்டியைத் திறக்கல. சின்னவ வேலைக்குப் போயாகணும். கடையை என் வீட்டுக்காரர் பாத்துக்கறேன்னார். சொட்டு மருந்து என் பொறுப்பாச்சு. சின்னவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா கவலை"ன்னா.

ஒரு வேளை கூடத் தவற விடல. யாரை வேணா கேளுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம நான் அவங்க கண்ணைத் தொட்டதே இல்ல. கீழ் இமையை மெதுவா இழுத்து, ஒரே ஒரு சொட்டு. வழிஞ்சா பஞ்சால ஒத்தி எடுப்பேன். "உன் கை இவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னாங்க அத்தை. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி அவங்க வாயிலேருந்து வந்த நல்ல வார்த்தை அதுதான்.

பாட்டில்ல மட்டும் மருந்து இல்ல. அதை வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். ஜன்னல்ல மணிபிளான்ட் வச்சிருந்த ஜாடியிலேருந்து தண்ணி எடுத்து ரொப்பி வச்சேன். குழாய்த் தண்ணியே போதுமேன்னுதான் மொதல்ல நினைச்சேன். ஆனா அதுல கண்ணு பாட்டுக்குத் தேறிட்டா என்ன பண்றதுன்னு தோணிச்சு.

வலிக்குதுன்னாங்க. ஆறும்போது அப்படித்தான் அத்தை இருக்கும்னு சொன்னேன். நம்பினாங்க. நான் சொன்ன ஒண்ணை அவங்க மறுபேச்சில்லாம நம்பினதும் அப்பதான். கடைசியில சின்னவ அத்தை போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிப் பாத்துட்டு, அலறி அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. அதுக்குள்ள உள்ள சீழ் வச்சுடுச்சு. கண்ணையே எடுக்க வேண்டியதாப் போச்சு.

அத்தை அழல. சின்னவதான் அவங்க காலைக் கட்டிக்கிட்டு, "நான்தானே அத்தை கூட்டிட்டுப் போனேன்"னு அழுதா. அத்தை அவ தலையைத் தடவிக் குடுத்து, "உன்னை யாரு என்ன சொன்னா, அழாத கண்ணு"ன்னாங்க. அப்பவும் கண்ணுதான். கட்டில் அந்தப் பக்கம் நான் நின்னுக்கிட்டு இருந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

சின்னவ ஆஸ்பத்திரி மேல புகார் குடுத்தா. மருந்துல கோளாறுன்னு அவ நினைப்பு. நீங்க வந்து பாட்டிலைக் கேட்டீங்க. நான் அதைக் குப்பையில போட்டிருக்கலாம். மூக்கு நல்லா மெலிசா இருந்துச்சா, தையல் மெஷினுக்கு எண்ணெய் விட ஆகும்னு எடுத்து வச்சிருந்தேன். உருப்படியா இருக்கற ஒண்ணைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அதுல பாசி இருந்துச்சுன்னு சொல்றீங்க. இருக்கும்.

இதுக்கு நடுவுல அத்தை பிறந்தநாள் வந்துச்சு. கொண்டாட வேண்டாம்னு சின்னவ சொன்னா. அத்தைதான், "காசைக் குடுங்கடி, விரல் இருக்கில்ல"ன்னாங்க. தடவிப் பாத்துட்டு, "பெரியவளோடதுதான் பெருசு"ன்னாங்க. தட்டுல போட்டாங்க. சின்னவ வேலைக்குக் கிளம்பினதும் என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க.

"பெரியவளே, உன் காசு ஒரு கிராம்தான்னு எனக்கு மொத வருஷமே தெரியும்டி."

நான் தட்டுல கிடந்த காசைப் பாத்தேன்.

"தட்டுல விழுந்தா அவ காசு டொக்குங்கும். உன்னோடது கிணுகிணுன்னு நடுங்கும். அரைக்கண்ணுக்காரிக்குக் காதுதானே கண்ணு."

"அப்புறம் ஏன் அத்தை வருஷா வருஷம் பெருசுன்னு சொன்னீங்க?"

"அவளுக்குப் பொண்ணு இருக்கா, உத்தியோகம் இருக்கு. உனக்குச் சாவியாவது இருக்கட்டுமேன்னுதான்."

அதையும் எழுதிக்கோங்க, மேடம். இதை அவங்க முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா பெட்டியைக் கவுத்து அவங்க பாத்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். தண்ணியைத் தொட்டே இருக்க மாட்டேன். மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தது யாரு? நான் அவங்க மேல தப்புன்னு சொல்ல வரல. நடந்ததைச் சொல்றேன்.

அதுக்கப்புறம் என்ன செஞ்சேன்னு கேட்டீங்க. வருத்தப்பட்டேன். அடுத்த பிறந்தநாளுக்குக் காசு வாங்கி வச்சேன். அந்தப் பர்ஸ்லதான் இருக்கு, எடுத்துக் கையில வச்சுப் பாருங்க. ஒரு கிராம்தான். சொன்னா நம்புவீங்களா?

காதைப் பத்தி நீங்க ஏதோ நினைக்கறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. சேச்சே, நான் அப்படிப்பட்டவ இல்ல. கடையிலேருந்து நல்ல வெல்வெட் துணியா எடுத்து, அந்தத் தட்டு அளவுக்கு வெட்டி ஒட்டி, ஓரத்துல லேஸ் வச்சுத் தைச்சு வச்சிருக்கேன். பாக்க ரொம்ப அழகா இருக்கு. இனிமே எந்தக் காசு விழுந்தாலும் சத்தம் வராது.