குங்குமத் தட்டைத் தட்டிவிட்ட மண்டோர் பேசில் அவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ் இரும்புப் பட்டறையின் சாயக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக வீற்றிருந்து, இன்று விடைபெறும் பெருந்தகையீர்! செம்பொடியைச் சினந்து அடக்கிய சீலரே! சவர்க்காரமே சாத்திரமென்று சாதித்த சான்றோரே! கொட்டகைத் தொழிலாளர் முப்பத்தைந்து பேரும், நகம் வெட்டிய எழுபது கைகளைக் கூப்பி வணங்குகிறோம்.

கையெழுத்து அழகாயிருக்கிறதென்று மடல் எழுதும் வேலை உதவி மண்டோர் அய்யாவு தலையில் விழுந்தது. ‘பெருந்தகையீர்’ என்ற ஒரு சொல்லை எழுதவே அவருக்கு மூன்று நாளாயிற்று. ஏன் என்பதையும் இம்மடலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தாங்கள் வருமுன் எங்கள் நிலை என்ன? ரெட்லெட்டு என்று நாம் சொல்லும் ஈயச் செந்தூரத்தைப் பீப்பாயிலிருந்து உலர்ந்தபடியே வாரி, இரும்புக்குப் பூசும் சாயம் குழைக்க எண்ணெயில் கொட்டினோம்; பறந்த தூளை மூச்சில் இழுத்தோம்; அதே விரலால் சுண்ணாம்பு தடவி வெற்றிலை போட்டோம். குடல் முறுக்கிப் புரண்டவர் எத்தனை பேர்! பல் ஈறில் நீலக்கோடு விழுந்தவர் எத்தனை பேர்! மணிக்கட்டு துவண்டு, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மாட்டாமல் ஊருக்குக் கப்பலேறிய ரெங்கசாமியை மறப்போமா! மூக்குக்குத் துணி கட்டவும், ஈரம் தெளித்தே துருவைச் சுரண்டவும், கொட்டகைச் சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றவும் தாங்கள்தான் பழக்கினீர்கள். மத்தியானச் சங்கு ஊதியதும் குழாயடியில் நின்று, சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வைத்து, “நகத்தைக் காட்டு, தம்பி” என்று விரல்விரலாகப் பார்த்த பின்பே தூக்குச்சட்டியைத் திறக்கவிட்டீர்கள்.

அய்யாவு தங்களுக்கு ஒரு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். தூரிகை பிடிப்பதில் கிள்ளான் வரை பெயரெடுத்தவர். ஆனாலும் மண்டோர் வேலை தங்களுக்குத்தான் கிடைத்தது. அன்று பற்றிய வயிறு பிறகு அணையவே இல்லை. தங்களுக்கு ‘நக மண்டோர்’ என்று பட்டப்பெயர் வைத்தவர் அவரே. இத்தனை காலம் வேறு யாரையாவது சந்தேகித்திருந்தால் இன்று திருத்திக்கொள்ளலாம். ரெங்கசாமிக்குப் பிறகு ஒருவர் கையும் விழவில்லை என்று துரை தங்களைப் புகழ்ந்தபோதெல்லாம் அய்யாவுவும் கைதட்டினார். சத்தம் வராமல் தட்டினார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முந்திய ஆயுத பூசைக்கு வருவோம். தாங்கள் கிறிஸ்துவ வேதக்காரர் என்பதால் பூசைப் பொறுப்பு அய்யாவுவிடம் இருந்தது. “மண்டோரு கண்ணு கூசணும், அப்படி நடத்துறேன் பாரு” என்று மனைவி வீரம்மாவிடம் வீறாப்புப் பேசிவிட்டு வந்தார். பாதியில் குங்குமம் தீர்ந்துபோயிற்று. கடைக்கு ஓடினால் அதற்குள் துரை வந்துவிடுவார். செந்தூரப் பீப்பாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ‘ஒரு நாள் பூசினா செத்தா போயிருவாங்க’ என்று நினைத்து ஒரு கை அள்ளித் தட்டில் போட்டார். பட்டறைக் கருவிகளுக்கு இட்டார். வந்திருந்த பிள்ளைகளுக்கும் இட்டார். அவருடைய இரண்டு வயது மகள் சீதாலெட்சுமி நெற்றியைத் தொட்ட விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

வாசலில் நின்ற தாங்கள் பொடியின் நிறம் வேறென்று கண்டு உள்ளே பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டீர்கள். குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கையைக் கழுவினீர்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக இழுத்துவந்து நெற்றிப் பொட்டை அழித்தீர்கள். எங்களுக்குத் தட்டிலிருந்த பொடி என்னவென்று தெரியாது. வேதக்காரர் ஒருவர் நம் பூசையைக் கெடுத்தார் என்பது மட்டுமே தெரிந்தது.

துரை விசாரித்தபோது, “என் தப்புதாங்க ஐயா. கோவத்துல செஞ்சுட்டேன்” என்று தலைகுனிந்தீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பீப்பாயில் கைவைத்தவருக்கு வேலையும் போயிருக்கும், குடியிருந்த வீடும் போயிருக்கும். அய்யாவுவிடம் மட்டும், “புள்ள நகத்துக்குள்ளயும் நல்லாக் கழுவு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்றீர்கள்.

அய்யாவுக்கு அப்போது நன்றி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. “என்னைய ஒரு வார்த்தை திட்டக் கூடாதா? இதுலயும் இவரேதான் பெரிய மனுசனா?” என்று வீரம்மாவிடம் குமுறினார். நாங்கள் தங்களை ஏசியபோது பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக மகிழ்ந்தார். அதன்பின் எந்த ஆண்டும் தங்களை நாங்கள் பூசைக்கு அழைக்கவில்லை. உள்ளே மணி அடிக்கும்போது தாங்கள் குழாயடியில் தனியாக நிற்பீர்கள்.

சென்ற வாரம், அடுத்த மண்டோர் அய்யாவுதான் என்று துரை அறிவித்தார். மண்டோர் வசமே இருக்கும் சவர்க்காரப் பெட்டிச் சாவியைத் தாங்களே சிரித்த முகத்தோடு அவர் கையில் வைத்தீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஏங்கிய சாவி! மறுநாள் அவர் எங்களைக் கூட்டி, எழுதிமுடித்திருந்த அழகான மடலைக் கிழித்துப்போட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னார். பிறகு மூத்தவர் பழனியப்பன், “இத்தன வருசம் அந்த மனுசன ஏசிட்டோமேய்யா! அதையும் சேத்து எழுது. எங்க பேரையும் போடு” என்றார்.

ஆகையால் எழுதினோம். அய்யாவு திருப்பித் தந்த சாவி இதோ, துரையவர்களின் மேசைமேல் இருக்கிறது. யாருக்குத் தருவதென்று அவர்கள் தீர்மானிக்கட்டும். அய்யாவுவின் பொறாமை தீர்ந்ததென்று எழுதினால் அது பொய். இதைக் கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும், தாம் உண்மை சொன்னதில் தங்கள் புகழ்தான் கூடுகிறதென்று அவருக்கு வயிறு எரிகிறது.

குடல் நோகாமல், கை துவளாமல், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும் வலுவோடு தாங்கள் நூறாண்டு வாழ்க! வருகிற ஆயுத பூசைக்குத் தாங்கள் உள்ளே வர வேண்டும். பொட்டு வைத்துக்கொள்வதும் மறுப்பதும் தங்கள் விருப்பம். தட்டைத் தாங்கள் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான், பதின்மூன்று வயதான சீதாலெட்சுமி எங்களுக்கெல்லாம் குங்குமம் கொடுப்பாள்.

தங்களுக்கு மன்னிப்புக் கடன்பட்ட
சாயக் கொட்டகைத் தொழிலாளர்கள்,
பிரிக்பீல்ட்ஸ், ஆகஸ்டு 1934.

முதல் கையொப்பம்: பழனியப்பன்
கடைசிக் கையொப்பம்: அய்யாவு