ஒரு கார்டுல ரெண்டு வாயி

இல்லம்மா, எனக்குப் பல்லு வலி எல்லாம் இல்ல, நீ முன்ன போ. உன் நம்பர் என்ன, ஏழா? எனக்கு நம்பரே இல்ல. பழைய கார்டு ஒண்ணு எடுக்க வந்தேன். நர்சு மிஸ்ஸி உள்ள ஸ்டோருல தேடிக்கிட்டு இருக்கா. பத்து வருசத்துக் கார்டுலா, எங்கயாவது அடியில கெடக்கும். தேடட்டும். மெதுவாவே தேடட்டும்.

கன்னம் இப்படி வீங்கியிருக்கே, சாப்பிட்டியா இல்லயா? ரூட் கேனலா? இந்த டாக்டரா சொன்னாங்க? அப்பச் சரியாத்தான் இருக்கும். பயப்படாத தங்கச்சி, பேருதான் பெருசு. மரத்துப் போறதுக்கு ஒரு ஊசி போடுவாங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் பல்லுக்குள்ள செத்துப் போன நரம்ப எல்லாம் சொரண்டி எடுத்துட்டு, மருந்து வச்சு அடச்சு, மேல தொப்பி மாதிரி ஒரு கேப்பு மாட்டி விட்ருவாங்க. மூணு தடவ வரணும், அதான் ரோதன. மத்தபடி வலிக்காது. எம் பெரியவன் ஒரு வாட்டி கூட அழுவல.

இரு, அந்தக் கதவு சரியா சாத்துல, சாத்திட்டு வரேன்.

எம் மவன் வெளிய காடியில உக்காந்திருக்கான். அவன்தான் பெரியவன், தேவன். உள்ள வாடான்னா வர மாட்டேங்கறான். ரோட்டோரமா நிப்பாட்டியிருக்கேன், சமன் போட்டு அபராதம் கேப்பாங்கன்னு சாக்கு சொல்றான். இன்னிக்கு எவன் வந்து சமன் போடப் போறான். ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு நேரா பாத்துட்டு இருக்கான். சரி, இருக்கட்டும்.

இந்தக் கிளினிக்கு எனக்கு இருவது வருசப் பழக்கம்மா. எங்க ஊரு ரெம்பியா. அவங்கப்பா எண்ணெ மில்லுல லோரி ஓட்டுனாரு. புள்ளைங்களுக்குப் பல்லுன்னா மில்லுல ஒரு கடுதாசி குடுப்பாங்க, அதக் கொண்டாந்து இங்க நீட்டுனா போதும், மில்லே காசு கட்டிரும். அதனால இங்க என்னென்ன பண்ணுவாங்கன்னு என்னயக் கேளு, சொல்றேன். காவி புடிச்ச பல்லச் சொரண்டிக் கழுவுறதுக்கு ஸ்கேலிங். ஈறுல ரத்தம் வரும், ரெண்டு நாளைக்குக் கூசும், பயந்துக்கக் கூடாது. சொத்தைன்னா பில்லிங். அப்பல்லாம் கருப்பா அடைப்பாங்க, இப்ப பல்லு கலருலயே வந்துருச்சு. புடுங்குனா பஞ்சக் கடிச்சிக்கிட்டு அர மணி நேரம் பேசாம இருக்கணும். அது மட்டும் என்னால ஆவாது. இந்தா பாரு, மேல முன்னால ரெண்டும் கட்டுப் பல்லுதான். இங்க பண்ணதுதான். சொன்னாத்தான் தெரியும், இல்ல?

அது என்ன சத்தம், மிஸ்ஸி கூப்புட்டாளா? இல்லயா. மெசின் சத்தமா.

எனக்கு ஆம்பளப் புள்ள ரெண்டு. தேவனுக்கு அப்புறம் ஒரு வருசத்துல கவிநேசன். கவின்னுதான் கூப்புடறது. ரெண்டு பேரும் ஒரே அச்சு. இதுல என்னான்னா, சின்னவன் வீட்டுலயே பொறந்துட்டான், ரோட்டுல தண்ணி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவ முடியல. அவங்கப்பா அப்புறம் பதியறேன் அப்புறம் பதியறேன்னு வுட்டுட்டாரு. பொறப்புப் பத்திரம் இல்ல, அதனால ஐசி, அதான் அடையாள அட்டை, அதுவும் இல்ல. அதுக்கு அலையா அலஞ்சு, இருவது வயசுலதான் ஐசி கைக்கு வந்துச்சு. மில்லு கடுதாசியில யாரு பேரு இருக்கும்? பத்திரம் இருக்குற புள்ள பேருதான இருக்கும். சின்னவனுக்குப் பல்லு வலின்னு ராவெல்லாம் அனத்துறான், நான் என்ன பண்ணுவேன். கூட்டிட்டு வந்து, பேரு கேட்டா தேவன்னு சொல்லுடான்னு சொல்லிட்டேன். அவனும் சொன்னான். அப்படியே பழகிப் போச்சு. பெரியவன் வந்தாலும் தேவன், சின்னவன் வந்தாலும் தேவன். ரெண்டு வாயி, கார்டு ஒண்ணு.

அப்ப இருந்தது பெரிய டாக்டரு, திருச்செல்வம் டாக்டரு. இப்ப இருக்குற நளினி டாக்டரு அவரு மவதான். ஒரு தடவ சின்னவனுக்கு மேல் கடவாய்ப் பல்லப் புடுங்கிட்டுப் போனோமா. அடுத்த மாசம் பெரியவனுக்குப் பில்லிங்குக்கு வந்தோம். நான் அத யோசிக்கவே இல்ல. டாக்டரு கார்டப் பாக்குறாரு, வாயப் பாக்குறாரு, மறுபடியும் கார்டப் பாக்குறாரு. தேவா, நான் புடுங்குன பல்லு திரும்ப மொளச்சிருச்சேடா, ஒனக்கு நல்ல ஒடம்புடான்னாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. அவரு அதோட ஒண்ணும் கேக்கல. சிரிச்சிக்கிட்டே எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டாரு. அவரு இருந்திருந்தா இன்னிக்கு நான் வந்திருக்கவே வேணாம், எந்தப் பல்லு எவனோடதுன்னு அவரு கையி சொல்லிரும். போன தைப்பூசத்துக்கு முன்னாடி போயிட்டாரு, பாவம்.

அதத்தான் கேக்கறியா. இப்ப எதுக்குக் கார்டுன்னு.

போலீஸ்ல கேட்டாங்கம்மா.

இல்ல இல்ல, கேசு ஒண்ணும் இல்ல. சின்னவன் வீட்டுக்கு வரல. இன்னியோட பன்னெண்டு நாளு. உம்பாயில இக்கான் பாக்கார் கடையில மீனு சுடுறான் அவன். வேல இல்லாத நாளு சம்பான் படக எடுத்துக்கிட்டுத் தனியா கடலுக்குப் போயிருவான், நண்டுக் கூடு போட்டு வச்சிருக்கான். சம்பான் மட்டும் கெடச்சுது. முந்தாநேத்து தஞ்சோங் கிளிங் பக்கம் கரையில ஒருத்தரு கெடந்தாராம். யாருன்னு தெரியல. மொகத்தப் பாக்க வேணாம்னுட்டாங்க. அவங்கப்பா ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருக்காரு. ஒத்துப் பாக்க எங்க ரத்தம் எடுத்திருக்காங்க, அது வரதுக்கு நாளாவுமாம். பல்லு பாத்த டாக்டரு யாரு, கார்டு இருந்தா சீக்கிரம் சொல்லிரலாம்னு அந்தப் போலீஸ் சார்ஜன் சொன்னாரு. நல்ல மனுசன், மலாய்க்காரரு, என்னய அம்மா அம்மான்னுதான் பேசுறாரு.

நீ அழுவாதம்மா, கன்னம் இன்னும் வீங்கிரும். எதுவும் இன்னும் ஆவல.

கேளு. அங்க இருக்குற ஆளுக்குக் கீழ, எடது பக்கம், கடவாயில கேப்பு போட்ட பல்லு ஒண்ணு இருக்காம். இந்தக் கார்டுலயும் கேப்பு ஒண்ணு இருக்கு, எனக்கே தெரியும், ஒண்ணே ஒண்ணுதான் போட்டோம். ஆனா அது யாரு வாயில போட்டதுன்னு கார்டு சொல்லாதுல்ல? நான் போன்லயே சார்ஜன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சார், கார்டு ஒண்ணு, புள்ள ரெண்டுன்னு. அவரு இன்னொரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாரு. அப்ப நீங்களே டாக்டரு கூட உக்காந்து எது சின்னவரோடது, எது பெரியவரோடதுன்னு பிரிச்சுக் குடுங்கம்மான்னாரு. பெத்தவளுக்குத் தெரியாதா.

நான் அவருகிட்ட அப்பவே சொல்லிட்டேன், கேப்பு பெரியவனோடதுன்னு. கேப்பு பெரியவனோடதுன்னா அங்க படுத்திருக்கறது எம் புள்ள இல்ல. வேற யாரோ பெத்த புள்ள. அவளும் எங்கயாவது இப்படித்தான் உக்காந்திருப்பா, அவ வயிறு எரியட்டும்னு நெனைக்கறேன் பாரு. பாவிதான் நானு. இருந்தாலும் நெனைக்காம இருக்க முடியலம்மா.

எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு. பரீட்சைக்கு முன்னாடி, பதினேழு வயசு. மூணாந் தடவ வந்து கேப்பு மாட்டுனாரு டாக்டரு. இவன் கண்ணாடியில இளிச்சு இளிச்சுப் பாத்துட்டு, ம்மா, தூண்டி நரம்ப இனிமே இதுலயே கடிச்சு அறுக்கலாம்ங்கறான். டாக்டரு பின்மண்டையில ஒண்ணு வச்சாரு. மரத்த வாயோடயே நேரா பஸ் ஏறிக் கடலுக்குப் போயிட்டான், எச்சி ஒழுகறது கூடத் தெரியாம.

ஆமா. கடலுக்குத்தான்.

இல்ல, பெரியவன் மீனு புடிக்க மாட்டான். அவனுக்குத் தண்ணின்னாலே ஆவாது, கவுச்சி பட்டா ரெண்டு வாட்டி சோப்பு போடுவான். அது... அன்னிக்குத் தம்பி கூடத் தொணைக்குப் போயிருப்பான். புள்ளைங்கதான, போயிருப்பான். பரீட்சை எழுதுனது பெரியவன்தான். ஐசி இல்லாத புள்ளய எங்க பரீட்சை எழுத வுட்டாங்க. வீட்டுலதான் கெடந்தான் அந்த வருசம் முழுக்க, பல்லு வலியோட.

இந்த மிஸ்ஸி என்னதான் பண்றா உள்ள. நான் போயி ஒரு வாட்டி எட்டிப் பாக்கட்டுமா. வேணாம், பாவம், அவளத் தொந்தரவு பண்ணக் கூடாது.

என்னம்மா? மெதுவா பேசு, வீக்கத்துல சரியாக் கேக்கல.

பெரியவன் வெளியதான இருக்கான், அவன் வாயத் தொறந்து பாத்தாத் தெரிஞ்சிருமேன்னா கேக்கற.

தெரிஞ்சிரும்.

சார்ஜனுக்கு அது தோணல. அவங்கப்பாவுக்கும் தோணல. நீ மொகம் தெரியாத புள்ள, ஒனக்குத் தோணிருச்சு. ஏழாம் நம்பரா, ஒன்னயத்தான் கூப்புடப் போறாங்க, ரெடியா இரு. தண்ணி குடிச்சிக்க, அப்புறம் மரத்துப் போயிட்டா குடிக்க முடியாது.

தோ வந்துட்டா. கெடச்சிருச்சா மிஸ்ஸி? ஆமா, தேவன்தான். தேவன் பேருலதான் இருக்கும். வரேன், வரேன்.

காலையிலயே பாத்துட்டேன்மா. பெரியவன் பசியாறிட்டு எந்திரிச்சான், வாடா இப்படின்னு ஜன்னலுக்குப் பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போயி வாயத் தொறக்கச் சொன்னேன். ஏம்மான்னு கேட்டான், அப்புறம் கேக்காமயே தொறந்துட்டான். எடது பக்கம் பாத்தேன், நமக்குத்தான் அவசரத்துல எடது வலது தெரியலயோன்னு வலது பக்கமும் பாத்தேன். எல்லாம் அவன் பல்லு. நான் பெத்துப் போட்ட பல்லு, ஒரு கேப்பும் இல்ல. அதனாலதான் அவன் காடிய வுட்டு எறங்க மாட்டேங்கறான்.

சரி, நான் உள்ள போயி பிரிச்சுக் குடுத்துட்டு வந்துர்றேன். இந்தப் பைய மட்டும் கொஞ்சம் பாத்துக்க. நீ பயப்படாத தங்கச்சி, ரூட் கேனலு வலிக்கவே வலிக்காது. எஞ் சின்னவன் ஒரு வாட்டி கூட அழுவல.