கவுத்து வச்ச குடம்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் காலை வரிசை. எனக்கு முன்னால் குடம் பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "நான் கவுத்து வச்ச குடமாம்."

"யாரு சொன்னதுக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற இளையவள்.

"ஊர்லேருந்து கப்பல்ல வந்திருக்காரே, அந்தச் சாமியார்தான். மனசு திறந்திருந்தாத்தான் ஞானம் இறங்குமாம். என்னைக் காட்டி, இது கவுத்து வச்ச குடம், எவ்வளவு ஊத்தினாலும் நிக்காதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ பிரசங்கத்துல தூங்கிட்டியாமே."

"தூங்கினேன். பகல் பூரா தண்டவாளத்துல கல்லு கொட்டினவளுக்குக் கண்ணு சொக்காதா?"

"சாமியாரைத் திட்டாதேக்கா, பாவம் சேரும்."

குடம் நிறைந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அவரு குளிக்கத் தினம் ஆறு குடம் தண்ணி நான்தான் சுமக்கிறேன். கவுத்து வச்ச குடத்துலயா சுமக்கிறேன்?"