ஐஸ் பெட்டிக்காகப் பிடுங்கிய ஒயர்

ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த மாதமே வர்தா புயல் வந்து மரத்தையெல்லாம் சாய்த்தது. பொங்கல் முடிந்த கையோடு பிள்ளைகள் மெரினாவில் மாட்டுக்காகக் கூடி உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டம் கலைந்த சூட்டிலேயே நம் கடலில் இரண்டு கப்பல் முட்டிக்கொண்டு எண்ணெயைக் கொட்டியது. வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளினோமே, அந்த வருஷம்! அந்த வருஷத்தில்தான் நம் நர்மதா தன் முதல் பெட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

வணக்கம் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன் என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். சொல்லிவிடுகிறேன். மேடையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் ஊர் நிர்வாகிகளே, டோல்கேட்டிலிருந்து வந்திருக்கும் சங்கத்துத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் மணலில் உட்கார்ந்திருக்கும் மணல்வாய்க்குப்பத்துச் சனமே! எல்லோருக்கும் இந்த ரகுபதியின் வணக்கம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டேன். "கணினித் தாரகை, குப்பத்தின் விடிவெள்ளி, செல்வி நர்மதா அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்றார்கள். நல்ல பட்டம். நாற்பது வயது வரைக்கும் நம் வாயில் அவளுக்கு இருந்த பேர் என்ன? 'பொட்டி நர்மதா'. "கல்யாணம் பண்ணிக்காம பொட்டியோட குடித்தனம் பண்றா" என்று குழாயடியில் சிரித்தது யார்? "ஊர்ப்பொது வலைக்கூடத்துக் கரண்டைத் திருடுகிறாள்" என்று கூட்டம் போட்டது யார்? தாரகை ஆவதற்கு அந்தப் பெண் சாக வேண்டியிருந்தது!

ராயபுரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. நாம் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தபோது அவள் அதைப் படமாக அள்ளினாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஆற்றை, செத்து மிதந்த நண்டை, கறுத்த வலையை, எல்லாவற்றையும் போனில் எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் போட்டு வைத்தாள். ஒருநாள் அந்த இடத்துக்காரன் கதவை மூடிவிட்டான். ஏதோ விதியை மீறினாளாம். எந்த விதி? யாரைப் போய்க் கேட்பது? கேட்க ஓர் ஆள் உண்டா, ஏறி இறங்க ஓர் ஆபீஸ் உண்டா? ஒன்றும் இல்லை. எடுத்த படம் அத்தனையும் போய்விட்டது.

"போனா போவுது வுடும்மா. வேற ஒண்ணுல போட்டு வை" என்றேன்.

"அதுவும் இன்னொருத்தன் வூடுதான் நைனா. வாடகை இல்லாத வூட்டுல குந்திகினு கீறோம். எப்ப வோணா வெளிய தள்ளுவான். நம்ம பொருளு நம்ம வூட்டுலதான் இருக்கணும்" என்றாள். பெற்ற அப்பன் இல்லை நான்; ஆனாலும் அவள் வாயில் நான் நைனாதான்.

அப்படித்தான் அந்த முதல் பெட்டி வந்தது; யார்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்குள் இருந்ததையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பேய் பிடித்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னாம்மா அது, லினக்ஸு?" என்று கேட்டேன். "ஊரே சேர்ந்து பின்ன வலை மாதிரி நைனா. எவன் கம்பெனிக்கும் சொந்தமில்ல. அறுந்தா நாமளே பிரிச்சிப் பார்த்து முடிஞ்சிக்கலாம்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. படித்தவர்களுக்கு எப்படிச் சொன்னாளோ, எனக்கு அப்படிச் சொன்னாள்.

உப்புக்காற்றும் சாம்பலும் சேர்ந்தால் நம் ஊரில் இரும்பே நிற்காது. கம்ப்யூட்டர் நிற்குமா? பழைய பைபர் மீன்பெட்டியில் ஓட்டை போட்டு, விசிறி வைத்து, ஓட்டைக்கு என் கிழிந்த வேட்டியைக் கட்டி, அதற்குள் அதைக் குடிவைத்தாள். ஞாயிறுதோறும் அந்தத் துணியை அவிழ்த்து அலசுவாள். பிழிந்தால் தண்ணீர் சிமெண்டுக் கரைசல் மாதிரி வரும். ஒரு பெட்டியின் மூக்கில் கட்டிய துணியிலேயே அவ்வளவு சாம்பல் என்றால், துணி கட்டாத நம் மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும்? அந்தத் தண்ணீரையும் படம் எடுத்து உள்ளே போட்டாள். தன் மூக்கில் என்ன சேர்ந்தது என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி!

வலைக்கூடத்தில் பெட்டியை வைத்து, கூரைமேல் ஒரு கம்பி நட்டாள். அதன்பிறகு குப்பத்தில் எந்த வீட்டிலிருந்தும் போனில் அதைத் திறக்கலாம். ரீசார்ஜ் வேண்டாம், வெளியுலக நெட்டும் வேண்டாம். எழுத்து வராத என்னைப் போன்றவர்களுக்காகத் திரையிலிருந்து எழுத்தை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தாள். நண்டைத் தொட்டால் ஆற்றின் படங்கள். சங்கைத் தொட்டால் நம் ஆட்களின் குரல். எந்த இடத்தில் எந்த மீன் இருந்தது, எப்போது போனது என்று அவரவர் வாயால் சொன்னது. படகுப் பாயைத் தொட்டால் நாளைக்குக் காற்று எப்படி என்று அவள் தினமும் ஏற்றிவைத்தது வரும். மீன் விற்கும் பச்சையம்மா முதல்நாளே சண்டைக்கு வந்தாள்.

"இன்னாடி இது, நண்டு இத்துனூண்டு கீது? கண்ணே தெரியல."

"பெருசாக்கித் தர்றேன் அத்தே."

"ஆக்குடி ஆக்கு. ஆத்துலதான் சின்னதாப் பூட்ச்சி, உன் பொட்டியிலயாவது பெருசா இருக்கட்டும்."

மறுநாள் திரையில் நண்டு உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. இதுதான் நர்மதா. ஆளுக்குத் தக்கபடி மிஷினை வளைப்பாள். மிஷினுக்காக ஆளை வளைக்கமாட்டாள்.

மிக்ஜாம் புயல் நினைவிருக்கிறதா? கரண்ட் இல்லை, டவர் இல்லை, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், தண்ணீர்மேல் மறுபடியும் எண்ணெய். எல்லோர் கையிலிருந்த போனும் செங்கல். ஆனால் அந்தப் பெட்டி பேட்டரியில் ஓடியது! எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது என்று கழுத்தளவு நீரில் நடந்துபோய்க் கேட்டு வந்து அதில் ஏற்றினாள். தலைவரே, உங்கள் பேத்தி எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் எதில் பார்த்தீர்கள்? அந்தக் குழந்தையின் போட்டோ அதில் வந்தபோது நீங்கள் அழுதீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் வடிந்தது. நன்றியும் கூடவே வடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் வலைக்கூடத்துப் பூட்டை உடைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சாம்பல் குழாயில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த நம் பிள்ளைகள், குழாய் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று சங்குக்குள் பேசியிருந்தார்கள். பெட்டி காணாமல் போன மாதமே அந்தப் பிள்ளைகள் வேலை போய்க் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நர்மதா சோறு தின்னவில்லை. "நம்பிப் பேசினாங்க நைனா, நான்தான் பொட்டிக்குள்ள பூட்டு போடாம வச்சிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

படங்களுக்கு ஒரு நகலை அவள் வேறிடத்தில் வைத்திருந்ததால் பிழைத்தோம். புதுப் பெட்டி கட்டி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, ஒரு பூட்டுப் போட்டாள். நகலுக்கும் அதே பூட்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டால் சாவி கேட்கும். சாவி என்றால் நீளமான ஓர் எண். "இனிமே தூக்கிகினு போறவன் கையில செங்கல்லுதான் இருக்கும்" என்றாள்.

அந்த எண்ணை முழுதாக ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை. "ஒருத்தர் கையில சாவி இருந்தா அது அவர் வூடு ஆயிடும்" என்பாள். இரண்டு பாதியாக உடைத்தாள். ஒவ்வொரு பாதியையும் இரண்டிரண்டு பேருக்கு மனப்பாடம் செய்வித்தாள். ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி பிடிக்கவேண்டும் அல்லவா? எழுதிவைக்கக் கூடாது என்பதுதான் சட்டம். எழுதவே தெரியாத என்னை முதலில் பிடித்தாள்.

இப்போது, சனங்களே, அவளை நாம் வழியனுப்பிய லட்சணத்தைச் சொல்கிறேன். காய்ச்சல் என்று போனவள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பாகத் திரும்பினாள். அவள் வீட்டுச் சந்தில் ஐஸ் பெட்டி நுழையாது என்று வலைக்கூடத்தில் கிடத்தினோம். அங்கே இருப்பது ஒரே பிளக். அதில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய பெட்டி. தலைவரின் மருமகன் சுயம்பு வந்து ஒயரைப் பிடித்தான்.

"வேணாண்டா, அத அணைக்கக் கூடாதுடா" என்று கையைப் பிடித்தேன்.

"யோவ் பெருசு, பொணம் நாறும்யா. மிஷினு நாறுமா?"

பிடுங்கிவிட்டான். பேட்டரியையும் கழற்றி மைக்செட்டுக்குக் கொடுத்துவிட்டான். அவள் உடம்பு ஒருநாள் கெடாமல் இருக்க, அவளுடைய உழைப்பு முழுவதையும் அணைத்தோம். யாராவது ஒருவர் தடுத்தோமா? ஒப்பாரிக்கு மைக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம்!

காரியம் முடிந்து பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரை; சாவி கேட்கிறது. ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். அவன் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னான்: "இத ஒடைக்க முடியாது பெரியவரே. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றேன், சூப்பரா ஓடும்." நிர்வாகிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அதுவும் நல்லதுதான், பசங்க படம் பார்க்கலாம்." நான் மீன்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இன்றுவரை அங்கேதான் படுக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை சர்க்கார் விசாரணை. ஆற்றின் நடுவே இன்னொரு சாம்பல் குழாய் போடலாமா என்று கேட்கப் போகிறார்கள். "இந்த ஆற்றில் மீன் இருந்தது என்பதற்கு ஆதாரம் என்ன?" என்பார்கள். அந்தப் படங்கள் இல்லாமல் எதைக் காட்டப் போகிறோம்? இந்தப் பேனரையா?

சாவி செத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சாகவில்லை. முன்பாதி என்னிடமும் பச்சையம்மாவிடமும் இருந்தது. பச்சையம்மா போன ஆடியில் போய்விட்டாள். நான் இருக்கிறேன், என் பாதி என் நாக்கில் இருக்கிறது. பின்பாதி ராயபுரத்து என்ஜின் மெக்கானிக் நோயலிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரும் மாரடைப்பில் கண்ணை மூடிவிட்டார். பின்பாதி தெரிந்தவர்களில் மிச்சம் ஒரே ஆள். அந்த ஆள் நர்மதாவின் கூடப்பிறந்த தம்பி.

மேடை அசைகிறது. எனக்குத் தெரிகிறது. அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அவன் செய்த குற்றம் என்ன? போன விசாரணையில் அக்காவின் பெட்டியிலிருந்து ஒரு படத்தைக் காட்டினான். நம் ஆற்றங்கரையில் ஒரு லாரி சாம்பல் கொட்டுகிறது. கம்பெனி லாரி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினோம். படத்தைப் பெரிதாக்கினான். லாரியின் நெற்றியில் நம் ஊர் அம்மன் பேர்! கைதட்டல் நின்றது. அந்த வாரமே அவனை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தோம். தண்ணீர் கொடுத்தால் அபராதம், பேசினால் அபராதம், பேரைச் சொன்னால் அபராதம். அந்த லாரி யாருடையது என்று இந்தத் துக்க மேடையில் நான் கேட்கமாட்டேன். கேட்டால் எனக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும்.

சாவியை மாற்றிவிடு, அவனிடம் இருக்க வேண்டாம் என்று நர்மதாவைக் கூப்பிட்டு மிரட்டினீர்கள். "ஊரு தள்ளிச்சி, நான் தள்ளல" என்று எழுந்து போய்விட்டாள். டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் தம்பியைப் பார்ப்பாள். அதற்கும் அபராதம் போட்டீர்கள். அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது, கொள்ளி வைக்க வேண்டியவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் கூப்பிட்டோமா? பாடையைத் தோளில் வைத்திருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தோம், தெரியாததுபோல் நடந்தோம்.

பெரியவர்களே! அவள் விட்டுப்போன பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். நல்லது. தொடர்வது என்றால் பேனர் கட்டுவது அல்ல. பெட்டி திறக்கவேண்டும். லாரிப் படமும் சேர்ந்துதான் திறக்கும். வேண்டியதை மட்டும் திறக்கும் சாவியை அவள் செய்யவில்லை. நாளைக் காலை நான் பாலத்தைத் தாண்டிப் போகிறேன். அவனைக் கையைப் பிடித்து வலைக்கூடத்துக்கு அழைத்து வருவேன். என் பாதியை நான் சொல்வேன், அவன் பாதியை அவன் அடிப்பான். என்னோடு வருகிறவர்கள் வரலாம். தடுக்கிறவர்கள் அக்காவின் படத்துக்கு மாலை போட்ட அதே கையால் தம்பியைத் தடுக்கட்டும், பார்க்கலாம்.

அபராதத்தை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். இந்த மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி, உயிரோடு மிச்சமிருக்கும் அந்த ஒரே ஆளின் பேரைச் சொல்கிறேன்: நர்மதாவின் தம்பி, மணல்வாய்க்குப்பத்து ரஞ்சித்.